நின்று வென்றவர்

"உட்காருங்க சார்" என்று பியூன் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது ஹெட்கிளார்க்குக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு மூலத்துக்கு லேசர் சிகிச்சை ஆகியிருந்தது. கத்தி இல்லை, தையல் இல்லை, அரை மணி நேர வேலை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நடங்க, நில்லுங்க, திங்கக்கிழமை ஆபீசுக்கும் போங்க. கெட்டியான நாற்காலி மட்டும் ஒரு வாரத்துக்கு வேணாம்" என்றிருந்தார் டாக்டரம்மா. அந்த ஆபீசிலோ, மானேஜர் அறை நீங்கலாக, இரும்பு நாற்காலியைத் தவிர வேறொன்றும் கிடையாது.

"உள்ளதைச் சொல்லிட்டா என்னங்க? ஊர்ல இல்லாத வியாதியா?" என்று காலையில் கிளம்பும்போதே கேட்டாள் மனைவி.

"ஸ்டோர்கீப்பர் காதுக்குப் போயிடும். வெறும் வாயையே மெல்ற ஆளு, அவல் கிடைச்சா விடுவானா? ரிட்டயர் ஆகிற வரைக்கும் தலைகாட்ட முடியாது."

அந்த ஸ்டோர்கீப்பர்தான் இப்போது எதிர் மேசையிலிருந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாற்காலி ஆடுதுப்பா" என்றார் ஹெட்கிளார்க்.

பியூன் வேறொன்று கொண்டுவந்தார்.

"இது துரு. பேன்ட் பாழாயிடும்."

பியூன் மகா விசுவாசி. மானேஜர் இன்னும் வரவில்லை என்ற தைரியத்தில் அவருடைய மெத்தை நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஹெட்கிளார்க்குக்குப் போன உயிர் திரும்பியது.

"அதென்ன சார், உங்களுக்கு மட்டும் மெத்தை? என்ன சமாச்சாரம்?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

பதறிப்போய் வாயில் வந்ததைச் சொன்னார் ஹெட்கிளார்க். "அதைத்தான் நானும் கேக்கறேன்! எல்லாருக்கும் இல்லாத மெத்தை எனக்கு எதுக்கு? எல்லாருக்கும் வர்ற வரைக்கும் நான் உட்கார மாட்டேன்!"

முதலில் ஸ்டோர்கீப்பர் எழுந்தார். அடுத்து டைப்பிஸ்ட் அம்மாள். ஐந்தே நிமிஷத்தில் பதினாறு பேரும் நின்றுகொண்டு வேலை பார்த்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

மானேஜர் வந்து பார்த்து மிரண்டுபோனார். "என்ன சார் இது? உள்ளே வாங்க, உட்கார்ந்து பேசுவோம்."

"உட்கார்ற பேச்சே கிடையாது!"

இதைவிட உண்மையான வார்த்தையை ஹெட்கிளார்க் தம் வாழ்நாளில் பேசியதில்லை. கைதட்டல் கூரையைப் பிளந்தது. மானேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். முப்பது வருஷமாக மனுக் கொடுத்தும் அசையாத முதலாளி அன்று மதியமே அசைந்தார். நாலு மணிக்கு லாரியில் மெத்தை நாற்காலிகள் வந்து இறங்கின.

"தலைவர் வாழ்க!" என்று ஹெட்கிளார்க்கைத் தோளில் தூக்கி உட்காரவைத்தார்கள். அவர் போட்ட அலறலை வெற்றி முழக்கம் என்று எண்ணி இன்னும் உயரத் தூக்கினார்கள். வலியில் கண் கலங்கினாலும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒருவழியாகப் புது மெத்தையில் அமர்ந்தபோது மனசாட்சி உறுத்தியது. ஸ்டோர்கீப்பரை அருகே அழைத்தார்.

"நான் தலைவனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை நம்ம ஊர் டாக்டரம்மா எனக்கு மூலத்துக்கு லேசர் வெச்சாங்க. உட்கார முடியாமத்தான் நின்னேன். நீங்க எல்லாரும் எனக்காகப் போயி..."

ஸ்டோர்கீப்பர் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"உங்களுக்காக யாரு சார் நின்னா? எனக்குப் போன மாசம், இந்த ஹால்ல பாதிப் பேருக்கு அதே டாக்டரம்மாதான். யாராவது ஒருத்தர் முதல்ல எழுந்திரிக்க மாட்டாங்களான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்!"