விருந்தாளிக் குடம்

ஒரு காட்டில் குளம் ஒன்றே ஒன்றுதான்; ஆனால் அதற்கு மேல்கரை, கீழ்கரை என்று இரண்டு கரைகள். மேல்கரையில் எருமைத் தலைவர் வீரணன் குடும்பத்தோடு பொழுதெல்லாம் ஊறிக் கிடப்பார். தண்ணீருக்குள் செய்யக் கூடாததையும் அங்கேயே செய்துகொள்வார். தலைவரிடம் போய் எழுந்திருங்கள் என்று யார் சொல்வது? அந்தத் தண்ணீர் மெல்ல நகர்ந்து கீழ்கரைக்கு வரும். அங்கே கீரி, முயல், அணில் என்று இல்லாதப்பட்டவர்கள் அதை மொண்டு குடிப்பார்கள்.

மரகதம் என்ற கீரி, போன மழைக்காலத்தில் ஒரு குட்டியை வயிற்றுப்போக்குக்குப் பறிகொடுத்தவள். மிஞ்சியது நோஞ்சான் சின்னக்குட்டி மட்டும்தான். அது ஒரு தடவை கூடுதலாக ஒதுங்கினாலே அவள் ராத்திரியெல்லாம் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த நிலையில் நீர்நலத் துறையிலிருந்து நெடுங்கழுத்தர் என்ற நாரை அதிகாரி வந்து இறங்கினார். கழுத்து என்னவோ நீளம்தான். மேல்கரைப் பக்கம் மட்டும் அது திரும்பவில்லை. ஏழைகளுக்கு ஏற்ற எளிய முறை என்று சொல்லி வீட்டுக்கு ஒரு பானை கொடுத்தார். அடியில் ஓட்டை, உள்ளே மணலும் கரியும். ஊற்றிய தண்ணீர் கீழே இன்னொரு பானையில் வடியும். அதில் கொஞ்சம் சொட்டு மருந்து விட வேண்டும். எல்லோரும் பானையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முயல் அதில் துளசி நட்டாள். அணில், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று பரணில் ஏற்றினாள். மரகதம் மட்டும் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். சின்னக்குட்டி தேறி, தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு ஓடிய அன்று, அவள் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள்.

அந்த நிம்மதியைக் கெடுக்க ஒரு நாத்தனார் வந்து சேர்ந்தாள். பெயர் அழகம்மை. தண்ணீரில் வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"என்ன மரகதம், வீட்டுக்கு வந்தவளுக்கு மருந்தைக் கலக்கிக் குடுக்குற? எனக்கென்ன சீக்கா?"

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது அந்தக் காட்டின் வழக்கம். அதில் குறை வைத்தால் குலத்துக்கே பேச்சு. அவமானம் தாங்காத மரகதம், ஒரு பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, குளத்துத் தண்ணீரை அப்படியே நிரப்பி வைத்தாள். பிள்ளைக்குப் பானை, விருந்தாளிக்குக் குடம். விருந்தாளிகளும் வாயாரப் புகழ்ந்தார்கள்.

சில நாள் கழித்து நெடுங்கழுத்தர் ஆய்வுக்கு வந்தார். இவ்வளவு பெரிய மனுஷருக்கு மருந்துத் தண்ணீரைக் கொடுப்பதா என்று மரகதம் பானையைத் தொடவில்லை. குடத்திலிருந்தே மொண்டு கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நம் பானைத் தண்ணீரின் ருசியே தனி என்று கூட வந்தவர்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அவர் வயிறு பேச ஆரம்பித்தது. காலமெல்லாம் ஒற்றைக் காலில் நின்றவரால் இரண்டு காலிலும் நிற்க முடியவில்லை. கோரைப் புதரே கதியென்று கிடந்தார். மரகதம்தான் பானைத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொண்டுபோய் ஊற்றினாள். பழி பானையின் மேல் விழுந்து, பானை போய், பழையபடி குட்டியும் படுத்துவிடுமோ என்ற பயம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"பானைமேல தப்பில்லீங்கய்யா. உங்களுக்குக் குடுத்தது குளத்துத் தண்ணி. பானைய மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

நெடுங்கழுத்தர் திடுக்கிட்டார். "இந்தத் தண்ணியவா எல்லாரும் குடிக்கிறீங்க?"

"பரம்பரையாக் குடிக்கிறோங்கய்யா."

அப்போதுதான் அந்த நீளக் கழுத்து முதல்முறையாக மேல்கரைப் பக்கம் திரும்பியது.

அந்த வாரமே வீரணனுக்கு வேறு இடத்தில் ஊறுவதற்குத் தனிக் குட்டை வெட்டினார்கள். குளத்தைச் சுற்றி வேலி வந்தது. கீழ்கரைக் குட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் செத்தும் துறைக்குத் தெரியாத காரணம், ஒரே ஒரு அதிகாரியின் வயிற்றில் தெரிந்துவிட்டது. மரகதத்துக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் போன குட்டியை நினைக்கும்போது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

செய்தி பரவி, பக்கத்துக் காட்டிலிருந்து ஆட்கள் மரகதத்தைத் தேடி வந்தார்கள். பானையை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பித்தளைக் குடத்தைத்தான் இரவல் கேட்டார்கள்.

நீதி: குடிதண்ணீரைச் சுத்தமாக்க மணல், கரி, மருந்து எல்லாவற்றையும்விட மலிவான முறை, அதில் ஒரு டம்ளரை அதிகாரிக்குக் கொடுப்பது.