மைக் சொன்னது

“தலைவர் அப்படிச் சொல்லவே இல்ல, மைக்தான் கோளாறு. இவ்வளவுதான் நீங்க சொல்ல வேண்டியது,” என்றார் கட்சிச் செயலாளர்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த மைக்செட்காரரின் கை நின்றது. முந்தின நாள் மேடைக்குப் பக்கத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்கும் மக்களின் நிறத்தைச் சொல்லி, அதோடு ஒரு மிருகத்தின் பெயரையும் சேர்த்துத் தலைவர் பேசியது கடைசி வரிசைவரை கணீரென்று கேட்டது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. விடிந்ததும் ஊரெல்லாம் கொதித்தது.

“நல்ல மைக் சார் அது.”

“யார் இல்லன்னா? தேர்தல் முடியற வரைக்கும் எல்லாக் கூட்டமும் உங்களுக்குத்தான். ஒரே ஒரு வரி, சொல்லிட்டுப் போங்களேன்.”

மைக்செட்காரரின் மருமகன் அக்கரைக்காரர். பேத்தி அப்படியே அப்பா நிறம். தலைவர் சொல்லவே இல்லை என்று ஆகிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதிதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, கேமராக்களுக்கு முன் அந்த வரியை ஒப்பித்தார்.

“மத்த பேச்செல்லாம் சுத்தமா கேட்டுச்சே?” என்றார் ஒரு நிருபர்.

“அந்த எடத்துல மட்டும் கோளாறு.”

“அந்த ஒரு வார்த்தைக்கு மட்டுமா?”

“ஆமா,” என்றார். அதற்குமேல் பின்வாங்க இடமில்லை.

சாயங்காலமே கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து, பேசி வைத்திருந்த மைக்செட்டை வேண்டாம் என்றார். “தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவங்க வாழ்த்திப் பேசறப்ப, உங்க மைக் பாட்டுக்குச் சம்பந்தி வீட்டை ஏதாவது சொல்லி வெச்சுட்டா?”

பிழைப்பு போய்விடக் கூடாதே என்று, ‘மைக் சரிசெய்யப்பட்டது’ எனக் கடை வாசலில் பலகை மாட்டினார். யாரோ அதைப் படம் பிடித்து, ‘மைக் திருந்திவிட்டது, தலைவர் எப்போது?’ என்று எழுதி ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். செயலாளர் போனில் காய்ச்சி எடுத்தார். பலகை இறங்கியது.

மறுநாள் மருமகன் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

“ஞாயித்துக்கிழமை நாங்க வரல மாமா. எங்க ஆளுங்க கண்டன ஊர்வலம் போறோம்.”

“மைக் வேணுமே. நம்ம செட்டையே எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை. வாடகையெல்லாம் வேண்டாம்.”

“வேண்டாம் மாமா. உங்க மைக்குல பேசினா, நாங்க கேக்கற நியாயத்தையும் கோளாறுன்னுதான் சொல்வாங்க.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மகள் போன் செய்தாள்.

“உங்க பேத்தி ஒண்ணு கேட்டாப்பா. சொல்லட்டுமா?”

“சொல்லும்மா.”

“மைக்தான் சொல்லுச்சுன்னா, மைக்குக்கு நம்ம கலரு எப்படித் தெரியும்னு கேக்கறா. நான் என்ன சொல்ல?”

“அது வந்து, அந்த எடத்துல மட்டும்…” என்று ஆரம்பித்தார் மைக்செட்காரர்.

“அப்பா, நீங்க வாயால உண்மையைச் சொல்ற வரைக்கும் அவளை அங்க கூட்டிட்டு வர மாட்டேன்,” என்று மகள் வைத்துவிட்டாள்.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. போனால் போகட்டும் தொழில். உண்மையைச் சொல்ல ஒரு மேடை வேண்டும். தனியாகச் சொன்னால் செயலாளரின் ஆட்கள் அமுக்கிவிடுவார்கள். தலைவரை எதிர்த்து நாள் முழுக்கக் கண்டனக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த எதிர்க்கட்சியின் அலுவலகத்துக்கு நடந்தார். சுவரெல்லாம் ‘நிறவெறியே வெளியேறு’. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்த அலுவலகப் பொறுப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“மைக்குல ஒரு கோளாறும் இல்லைங்க. அவர்தான் சொன்னாரு. என் காதால கேட்டேன். நான் பொய் சொல்லிட்டேன். உங்க மேடையில, எல்லாருக்கும் முன்னால அதைச் சொல்லிடறேன். என் பேத்தி கேக்கணும்.”

பொறுப்பாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கட்டிய தொண்டையில் மெதுவாகச் சொன்னார்:

“அவசரப்படாதீங்கண்ணே, பழி மைக் மேலயே இருக்கட்டும். அடுத்த கூட்டத்துல அக்கரைக்காரங்களப் பத்தி எங்க தலைவரும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு, அதே மைக்கைக் கொண்டாந்துடுங்க.”