பதிவு பெற்ற பாதாளம்

உலகில் தலைமறைவாகக் கலை வளர்த்தவர்கள் பலர். ஆனால் தலைமறைவுக்கென்றே ஒரு சங்கம் கண்டு, தலைவர், செயலாளர், ரப்பர் முத்திரை சகிதம் முறைப்படி பதிவும் செய்த பெருமை பினாங்குத் தமிழர்களையே சேரும். அந்தப் 'பாதாள ராப் கலைஞர் சங்க'த்தின் தலைவர்தான் நம் ஷஃபீக். மேடைப் பெயர் எம்.சி. பாதாளம்.

அடக்குமுறையை எதிர்த்துப் பாடுவது அவன் தொழில். அடக்குமுறை எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததில்லை, பாவம். சூலியா தெருவில் தன்னைப் பெற்ற அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேலே, குளிர்சாதன அறையில், நண்பகல் வரை படுத்தபடியே புரட்சியைப் பற்றிச் சிந்திப்பான். பிறகு கீழே இறங்கி, நல்ல மட்டன் துண்டாகப் பொறுக்கிச் சாப்பிடுவான்.

கடையை நடத்துவது அவனுடைய அக்கா லைலா. அவன் அவளை லாத்தா என்று கூப்பிடுவான். அவள் கல்லாவிலிருந்து ஆர்டர் கூவினால் சும்மா வராது. "கோழி ஒண்ணு, கொஞ்சம் வெண்டி, குழம்பு பஞ்சிர், சோறு முங்கணும்!" என்று தாளத்தோடு வரும். கோபம் வந்தால் திட்டுவதும் பாட்டாகத்தான். ஷஃபீக் கறிச்சட்டிக்குப் பின்னால் கைப்பேசியை ஒளித்து வைத்து அத்தனையையும் பதிவு செய்து, தன் பாட்டாகப் பாடிவிடுவான். கலையுலகில் இதற்குக் 'கள ஆய்வு' என்று பெயர்.

இந்த வருடம் பாதாள விழா அறிவிக்கப்பட்டதும், லைலா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு நிமிசம் மேடை குடுடா. என் பேருல, என் பாட்ட நானே பாடணும். ஒரே ஒரு தடவ லா."

"கமிட்டிதான் முடிவு பண்ணணும் லாத்தா. நான் வெறும் தலைவர்தானே."

கறிபாப் பலகாரம், தே தாரிக் டீயுடன் செபராங் ஜெயாவில் கமிட்டி கூடியது. செயலாளர் கணேஷ் கொள்கைப் பிரச்சினை ஒன்றைக் கிளப்பினார்.

"அவங்க எப்படிண்ணே அண்டர்கிரவுண்ட்? ஊரே பாக்குற மாதிரி கல்லாவுலல்ல உக்காந்திருக்காங்க!"

"வலியும் பத்தாது" என்றார் தலைவர் வருத்தத்துடன். "லாத்தாவுக்கு என்னா கஷ்டம்? சொந்தக் கடை."

கோரிக்கை ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. செய்தி கேட்டு லைலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோழி கேட்டவருக்கு மீனைப் போடச் சொல்லிவிட்டாள்.

விழா ஒரு பேரங்காடியின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பாதாளமென்றால் பாதாளமாகத்தானே இருக்க வேண்டும்! தலைமை தாங்கிய, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகருக்கு முட்டிவலி என்பதால் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே மேடை. ஷஃபீக் கறுப்புக் கண்ணாடியோடு ஏறி, தன் புதிய 'முதலாளித்துவ எதிர்ப்பு'ப் பாடலைத் தொடங்கினான்.

*மத்தியானம் முழிக்கிற மவராசா வந்தாச்சு,*
*மட்டன் துண்டு எல்லாமே மாயமாப் போயாச்சு,*
*தட்டைக் கழுவிக் கழுவியே என் கை தேஞ்சு போயாச்சு!*

கூட்டம் ஆர்ப்பரித்தது. நான்காவது வரி பதிவில் இல்லை; கடையில் அந்நேரம் யாரோ வெண்டிக்காய் கேட்டுவிட்டார்கள். அந்தக் குறையை ஷஃபீக் முஷ்டியை உயர்த்திச் சமாளித்தான்.

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

*பாட்டைக் கட்டுனவ இங்க, பேரு உனக்குப் போயாச்சு!*

கடையை அத்தாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள் லைலா. மவராசா யாரென்று ஷஃபீக்குக்கு அப்போதுதான் உறைத்தது. 'இது லாத்தாவோட பாட்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைக் கையில்தான் இருந்தது.

"ஆடியன்ஸ் பார்டிசிபேஷன்! செம்ம!" என்று கணேஷ் கைதட்டினார். கூட்டமே கைதட்டியது.

ஷஃபீக் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். "நன்றி மக்களே! என் பாட்டு ஒங்க வாயில வருதே, அது போதும் லா!"

"டேய், அது என் பாட்டுடா!" என்று லைலா கத்தினாள். அதற்குள் இசையைக் கூட்டிவிட்டார்கள். காவலாளி ஓடிவந்து, "அக்கா, சத்தம் போடாதீங்க, விழா நடக்குது" என்று மரியாதையாக அவளை வெளியே அழைத்துப் போனார்.

டத்தோ பொன்னாடை போர்த்தி, ஷஃபீக்குக்குக் 'குரலற்றவர்களின் குரல்' என்ற விருதை வழங்கினார். தகுதியான விருதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. குரலற்றவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டுமென்றால், முதலில் ஒருத்தியையாவது குரலற்றவளாக்க வேண்டுமே! அந்தச் சேவையை அவன் சொந்த வீட்டிலேயே செய்து முடித்திருந்தான்.