நாலு விரல் இடைவெளி

"ஞாயிறு, காலை ஆறு பத்து. சமதரையில் நாலு விரல். வாசலில் சந்தேகம்."

மாவுப் பையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய இந்தக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. கிழமை உண்டு, மணி உண்டு. திகதியும் ஆண்டும் இல்லை. எதையும் குறிப்பேட்டில் பதிந்துவைக்கும் எனக்கு அது இன்றும் உறுத்தல்.

எழுதியவர் நாலுவிரல் அண்ணை. இத்தாலியின் பலெர்மோ நகரில் அவர் கைவைத்து அளக்காத இடைவெளி கிடையாது. எந்த இரண்டு பொருளுக்கும் நடுவே நாலு விரல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பல்லரோ சந்தையில் மீன்தட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே கையை விடுவார். விசா புதுப்பிக்கும் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வரிசையில் எனக்கும் முன்னால் நின்றவருக்கும் நடுவே விட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையே மண்டப வாசலில் மறித்தார்.

"தம்பி, நிலையைவிடத் தலைப்பாகை ஒரு விரல் உயரம். குனிஞ்சு வாரும்."

மாப்பிள்ளை குனியவில்லை. அவர் உள்ளே வந்தார். தலைப்பாகை வெளியே நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தவமும் மனைவி மலரும் இத்தாலியர் வீடுகளில் செய்த வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய சமையல் ட்ரெய்லர் வாங்கியிருந்தார்கள். அன்று பன்னிரண்டு மணிக்குள் அதை மொண்டெல்லோ கடற்கரையில் நிறுத்தாவிட்டால் கோடைக்கான இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஒரேத்தோ தெருவில் ஒரு முற்றத்தில் அது நின்றது. முன்பக்கம் அறைபோன்ற கழுத்தாக நீண்டு பிக்கப்பின் பெட்டிக்கு மேலே வந்து, பெட்டியின் நடுவிலுள்ள இழுவைக் கொழுவியில் உட்காரும் வகை.

பிக்கப்பில் கொழுவியதும், அண்ணை பெட்டியின் விளிம்புக்கும் ட்ரெய்லரின் அடிவயிற்றுக்கும் நடுவே கையை விட்டார்.

"நாலு விரல் இருக்குத்தானே அண்ணை. போவம்," என்றான் தவம்.

"இஞ்சை இருக்கு. வாசலிலை றோட்டு பள்ளமெல்லே? பிக்கப்பின்ரை மூக்கு இறங்க, வால் எழும்பும். ட்ரெய்லர் மட்டமாத்தான் நிக்கும். வால் போய் வயித்திலை இடிக்கும்."

"எவ்வளவு எழும்பும்?"

"பொறு. பிள்ளை மலர், இடியப்ப மா இருக்கோ?"

குழைத்த மாவில் நாலு உருண்டை பிடித்து, விளிம்பின் நாலு மூலையிலும் வைத்தார். உதவிக்கு வந்திருந்த நாங்கள் பதினாலு பேரும் சிரித்தோம். தவம் ஓட்ட, பிக்கப் வாசலில் ஆமைபோல இறங்கியது. பாதி இறக்கத்திலேயே அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார். முன் உருண்டைகள் அப்படியே இருந்தன. பின் உருண்டைகள் அப்பளமாகியிருந்தன.

"இன்னும் ஆராவது சிரிக்கப் போறியளோ?"

பின்னுக்கு எடுத்து, கொழுவியை நாலு விரல் உயர்த்தினோம். புது உருண்டைகள் இரண்டு விரல் தடிப்போடு பிழைத்துக்கொண்டன.

அப்போது மலர் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை, மேலை பாத்தனீங்களோ?"

வாசலுக்கு மேலே பழைய கல்வளைவு. கழுத்து உயர்ந்ததில் ட்ரெய்லரின் கூரையும் உயர்ந்திருந்தது. ஒரு விரலளவு இடிக்கும். நாலுவிரல் அண்ணை தன் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்ததை அன்றுதான் கண்டேன். மணி பத்து நாற்பது. தவம் வாசற்படியில் குந்திவிட்டான்.

சற்று நேரத்தில் கை வெளியே வந்தது.

"சிரிச்ச ஆக்கள் எல்லாரும் ட்ரெய்லரின்ரை கழுத்துக்குள்ளை ஏறுங்கோ."

"ஏன் அண்ணை?"

"பாரம் ஏற வண்டி தாழும். ரெண்டும் சேந்துதான் தாழும், கீழ் இடைவெளி மாறாது. ஏறுங்கோ."

பதினாலு பேர் ஏறி, கூனிக்கொண்டு, ஒருவர் வியர்வையில் ஒருவர் ஒட்டி நின்றோம். அண்ணை மதிலில் ஏறி, கூரைக்கும் கல்லுக்கும் நடுவே கையை விட்டார். அவர் குரல் மட்டும் உள்ளே கேட்டது.

"ஒரு விரல்... ஒரு விரல்... அரை... மூச்சு விடாதேங்கோ... தாண்டிட்டுது, போ."

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்க மொண்டெல்லோவில் நின்றோம்.

அண்ணை பின்னர் மகளோடு லண்டன் போய்விட்டார். விமான நிலையத்தில் என்னை அணைத்துக்கொண்டார். நடுவே ஒரு விரல்கூட நுழைந்திராது. அவர் சொன்ன அளவுகள் எல்லாம் என் குறிப்பேட்டில் விரல்களாகவே இருக்கின்றன. ஆனால் அவருடைய நாலு விரல் சரியாக எத்தனை சென்டிமீட்டர் என்பதை நான் ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. அது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.