பெரியப்பா படமும் ரெண்டரை இஞ்சுக் குழாயும்

நான் ஒரு பொருளைத் தொலைத்தால் முதலில் அந்தப் பொருளைத் தேடமாட்டேன். அது தொலையவே இல்லை என்று மற்றவர்களை நம்பவைக்க என்ன வழி என்றுதான் தேடுவேன். இருபத்தாறு வயது வரை இந்தக் குணத்தால் பெரிய சேதம் ஒன்றும் வந்ததில்லை. (ஒன்பதாம் வகுப்புல தொலைச்ச காம்பஸுக்குப் பதிலா ஒரு வருசம் பூரா தங்கச்சி வளையலை வச்சு வட்டம் போட்டேன். வாத்தியார் கண்டுபிடிக்கவே இல்ல.) சேதம் அந்த வருடத் தவக்காலத்தில்தான் வந்தது.

ரெஜினா அக்கா என் பெரியப்பா மகள். உத்தமபாளையத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, வளைகாப்பு என்று சுற்று வட்டாரத்தில் எல்லாவற்றுக்கும் தோளில் கேமராவோடு அவள்தான் போவாள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. அதோடு, நெஞ்சில் அடைப்பு என்று பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கும் ராயப்பன்பட்டி வீட்டுக்குமாக அவள் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. கேமரா அலமாரியில் சும்மா கிடந்தது. நான் இரவல் கேட்டேன்.

"என்னத்தலே எடுக்கப் போற?" என்று கேட்டாள்.

"வருசநாட்டுப் பக்கம் பறவை எடுக்கப் போறேங்கா."

"எடு. பத்திரம். கேமராவை விட அந்தச் சின்னப் பைய பாத்துக்க. மூடி, ஹூட்டு, ஃபில்டரு எல்லாம் அதுலதான் இருக்கு."

வருசநாட்டில் ஒரு பகல் முழுக்க நின்று, பறவைகளின் முதுகுகளை மட்டும் நாற்பது படம் எடுத்தேன். திரும்பும்போது பேருந்தில் கேமராவைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். நாலு பேர் பார்க்க வேண்டும் அல்லவா? சின்னப் பையை மேலே கம்பித் தட்டில் வைத்தேன். தேனியில் இறங்கியபோது கேமரா என்னோடு இறங்கியது. பை இறங்கவில்லை.

மறுநாள் பேருந்து நிலையத்தில் அதே நடத்துநரைத் தேடிப் பிடித்தேன்.

"பைக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றார்.

"மூடி இருந்துச்சுண்ணே."

"எதோட மூடி?"

"கேமரா மூடி. அப்புறம் அதுக்கு முன்னால மாட்டுற ஒரு வளையம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேமரா இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"பெறகு என்ன, போய்ச் சோலியப் பாருங்க" என்று விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார்.

தேனியில் ஒரு கேமராக் கடையில் விசாரித்தேன். அசல் ஹூட்டும் மூடியும் ஃபில்டரும் சேர்த்து என் சம்பளத்தில் பாதியைக் கேட்டார்கள். விலை குறைந்த மாற்று உண்டாம், ஆனால் அது மதுரையிலிருந்து வர பத்து நாளாகும். சரி, அக்கா இப்போதைக்குக் கேமராவைக் கேட்கப் போவதில்லை, பத்து நாள் பொறுக்கலாம் என்று நினைத்து, மாற்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள்.

"அருளு, அப்பாவுக்கு ஆபரேசன் தேதி குடுத்துட்டாக. ஞாயித்துக்கிழமை மதுரைக்குக் கெளம்புறோம். அதுக்கு முன்னாடி குடும்பமா ஒரு படம் எடுத்துக்கிறணும். கேமராவோட வந்துரு. நீதான் எடுக்கணும்."

"நானா? ஏங்கா, நீங்க இருக்கும்போது?"

"இந்த வீட்டுல இருக்குற எல்லாப் படத்தையும் நாந்தானலே எடுத்தேன். அப்பா கூட நான் நிக்கிற மாதிரி ஒண்ணு இல்ல. நேத்து தேடிப் பாத்தேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. நான் சொல்லவில்லை. எனக்கு நாலு நாள் இருந்தது.

அப்போது தேனியில் ஒரு பம்புசெட் கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். மூடிக்காக வீட்டு அடுப்படியில் இருந்த டப்பா எல்லாவற்றையும் லென்ஸில் வைத்து அளந்தேன். கடைசியில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலின் மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. (மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவினேன். வாசம் போகல. படம் எடுக்கும்போதெல்லாம் பழைய சோத்து நெனப்பு வந்துச்சு.) ஃபில்டர் கண்ணாடி, இருக்கிறதா இல்லையா என்று சட்டென்று யாருக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டேன். மிச்சம் ஹூட், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் அந்த வளையம்.

கடையில் குழாய் அறுக்கும் முருகேசண்ணனிடம் போனேன்.

"ரெண்டரை இஞ்சுக் குழாய் வேணும்ணே."

"எத்தன அடி?"

"நாலு விரக்கடை."

"தோட்டம் எங்கன இருக்கு, உள்ளங்கையிலயா?" என்று கேட்டுக்கொண்டே அறுத்துக் கொடுத்தார்.

உள்பக்கம் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். லென்ஸில் மாட்டிப் பார்த்தால், நானே சொல்லாவிட்டால் எனக்கே தெரியாது என்பது போல இருந்தது. மொட்டை மாடியில் ஏறி, தூரத்து மலையை முழுசாகக் கிட்டே இழுத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. கம்பெனிக்காரன் இதற்குப் போய் இவ்வளவு வாங்குகிறானே என்று சிரித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, பூசை முடிந்து எல்லோரும் பெரியப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தார்கள். பதினாலு பேர். மதுரைக்குப் போகும் கார் வரப்போரம் நின்றது. பந்தலுக்குக் கீழே பெரியப்பாவுக்கு நாற்காலி போட்டிருந்தோம். அதை நடுவில் போடச் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நடுவுல பிள்ளைகள உக்கார வைங்க. நான் இங்கன ஓரமா இருந்துக்கிறேன்" என்று வலது கோடியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, வலது கையை அவர் தோளில் வைத்தாள். எல்லோரிடமும் சொன்னாள்: "யாரும் செல்லைத் தூக்கக் கூடாது. கண்ணு ஆளுக்கொரு பக்கம் போயிரும். எல்லாரும் அருளை மட்டும் பாருங்க." பிறகு என் கையிலிருந்ததைக் கவனித்தாள். "என்னலே, ஹூட்டு பெருசா இருக்கு?"

"புதுசுக்கா. நானே ஒண்ணு வாங்கினேன்."

"எனக்காகவா? எதுக்குலே உனக்கு இந்தச் செலவு" என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஒரு வாரமாகத் தூங்காத முகம் அது.

பதினாலு பேரும் அடங்க வேண்டும் என்பதால் லென்ஸை முழுசாக விரித்தேன். கேமராவில் கண் வைத்துப் பார்த்தபோது நாலு மூலையும் இருட்டாகத்தான் தெரிந்தது. என்னை மாதிரி கண்ணாடி போட்டவனுக்கு ஓரம் கொஞ்சம் இருட்டாகத் தெரிவது இயற்கைதான் என்று அந்த நொடியில் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பதினோரு படம் எடுத்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. பெரியப்பா காரில் ஏறும்போது, "நல்லா விழுந்துச்சாலே?" என்று கேட்டார்.

"சூப்பரா வந்துருக்கு பெரியப்பா."

அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தப் பொய்தான். ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், ஸ்டுடியோவில் அக்கா அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன். முதல் படம் திறந்தது. கறுப்புத் தாளில் ஒரு வட்டம் வெட்டி, அதற்குள் குடும்பத்தை ஒட்டியது போல இருந்தது. மலையைக் கிட்டே இழுத்தபோது படத்துக்கு வெளியே இருந்த குழாய், லென்ஸை விரித்ததும் உள்ளே வந்துவிட்டது. நடுவில் பிள்ளைகள் தெளிவாக இருந்தார்கள். வலது ஓரத்தில் பெரியப்பா முகம் தப்பித்திருந்தது. அவருக்குப் பின்னால், மேலே, அக்கா இருக்க வேண்டிய இடத்தில் குழாய்தான் இருந்தது. இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் இறங்கி வந்து அவர் தோளில் இருந்தது.

அக்கா அடுத்த படத்தைத் திறந்தாள். அதற்கடுத்ததை. பதினொன்றும் அப்படியே. வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். முகம் மறைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் என்னவோ புள்ளி புள்ளியாக வந்தது. முகம் வரவில்லை.

பிறகு மேசையிலிருந்த கேமராவை எடுத்து, முன்னால் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். உள்ளே விரலை விட்டுத் தடவினாள். சைக்கிள் டியூபின் ஒரு ஓரம் பிய்ந்து வந்தது.

"இது குழாயாலே?"

"ஆமாக்கா." பேருந்து, பை, நடத்துநர், ஊறுகாய் மூடி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஹூட்டு எதுக்கு மாட்டுறதுன்னு தெரியுமாலே உனக்கு?"

"லென்ஸுக்கு அடிபடாம..."

"வெயிலு நேரா லென்ஸுல விழாம இருக்க. திராட்சப் பந்தலுக்குக் கீழ ஏதுலே வெயிலு?" என்றாள். "தொலைச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, ஒண்ணும் மாட்டாம அப்படியே எடுலேன்னு சொல்லிருப்பேன்."

அதைச் சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெரியப்பா இறந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதிலும் சவப்பெட்டிக்குச் சொல்வதிலும் ஓடிக்கொண்டே இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் முன்னால் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நின்றேன். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டது இதுதான்: "ஊறுகா மூடியுமா?"

"எலுமிச்ச ஊறுகாக்கா."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கும் சேர்த்து மறுபடி அழுதாள்.

உறவினர்கள் வீட்டுக் கூடங்களில் தொங்கும் பெரியப்பா படம் அந்தப் பதினொன்றில் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்ததுதான். அக்கா மட்டும் முழுப் படத்தையும், கறுப்பு வட்டத்தோடு, பெரிதாகப் போட்டுத் தன் ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறாள். படம் எடுக்க வருகிறவர்கள், தோளில் இருப்பது யார் கை என்று கேட்பார்கள். "என் கைதான். மிச்சத்தத் தம்பி தேனி பஸ்ஸுலயே விட்டுட்டான்" என்பாள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் போட்டோவில் ஓரத்தில் நிற்பதில்லை. கல்யாண மேடை என்றால், "ஓரத்துல நிக்காதீக, அருளுக்குத் தெரிய மாட்டீக" என்று ஆளாளுக்கு நடுவில் வந்து முட்டிக்கொள்வார்கள். கேமராவை யார் பிடித்திருந்தாலும் இதே பேச்சுதான். போன மாதம் என் மகளின் புதுநன்மைக்கும் அப்படித்தான் நடந்தது. அக்கா ஸ்டாண்டில் கேமராவை வைத்து, பத்து விநாடியில் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடி வந்தாள். நான் நடுவிலிருந்து நகர்ந்து, இங்கே வாங்கக்கா என்று இடம் விட்டேன்.

"நீ நில்லுலே" என்று வலது கோடிக்கே போய் நின்றாள். "எனக்கு அது பழகிருச்சு."