பாசி படிந்த வீடு

ஏணி தடாலென்று விழுந்தபோது பிழை திருத்துநர் ஓட்டுக் கூரையின் உச்சியில், ஒரு கையில் பிரஷும் மறு கையில் சோப்புத் தண்ணீர் வாளியுமாக உட்கார்ந்திருந்தார். உதைத்துத் தள்ளியது அவர் கால்தான்.

எல்லாம் மகளால் வந்த வினை. முந்தின நாள் போனில் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது அவள் கண்ணில் பாசி பட்டுவிட்டது.

"என்னப்பா இது, கூரையா புல்வெளியா? தனியா சமாளிக்க முடியலன்னா இங்க வந்துடுங்க."

"முடியலன்னு யாரு சொன்னா?"

அந்த ரோஷம்தான் காலையில் அவரை மேலே ஏற்றியது. பாசியைச் சுரண்டி, தேய்த்துக் கழுவி, மறுபடி முளைக்காமலிருக்க முகட்டில் செம்புத் தகடு அடிப்பதாகத் திட்டம். பாசியும் சோப்பும் சேர்ந்தால் எப்படி வழுக்கும் என்பது திட்டத்தில் இல்லை.

சட்டைப்பையில் போன் இருந்தது. யாரைக் கூப்பிடுவது? மகள், பல் டாக்டர், புரூஃப் அனுப்பும் பதிப்பகம். அதற்குமேல் நம்பர் இல்லை. யோசிக்கும்போதே மகள் கூப்பிட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க? காத்து இரையுது."

"மேல இருக்கேம்மா."

"மேலயா? உங்க வீட்டுக்கு மாடியே கிடையாதே!"

சோப்புக் கை நழுவியது. போன் ஓட்டில் சறுக்கி, மழைத்தண்ணீர்க் குழாய்க்குள் இறங்கிவிட்டது. குழாய் மட்டும், "அப்பா, அப்பா" என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கத்தலாம். யாரை? மனைவி போன பிறகு வாங்கிய வீடு. ஒன்பது வருஷமாகியும் தெருவில் ஒருவர் பேர்கூடத் தெரியாது. வேலை பின்னறையில், போக்குவரத்து பின்சந்து வழியாக. தூசிக்குப் பயந்து முன் ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. யாரும் அவரை ஏனென்று எட்டிப் பார்த்ததில்லை. தலைக்கனம் பிடித்தவர்கள் என்று அவரும் விட்டுவிட்டார்.

பிரஷ்ஷை உயர்த்தி ஆட்டினார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திய பெண்மணி பார்த்தாள். சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினாள். பிறகு உள்ளே போய்ப் பிள்ளைகளையும் அழைத்து வந்தாள். அவர்களும் ஆட்டினார்கள். தெருவில் போன பஸ்ஸிலிருந்து நாலு கைகள் ஆடின.

உதவி கேட்பதை மறந்து அவரும் சற்று நேரம் சும்மாவே கையாட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் உறைத்ததும் புத்தி வந்தது. ஒரு பிடி பாசியை உருட்டிப் பக்கத்து வீட்டுப் பக்கம் எறிந்தார். அது அங்கே நின்ற கார்க் கண்ணாடியில் சப்பென்று அப்பியது.

"யாருய்யா அது?" கார்க்காரர் பாய்ந்து வந்து அண்ணாந்தார்.

"ஏணி விழுந்துடுச்சு சார்... கொஞ்சம் எடுத்து வைக்கிறீங்களா?"

அவ்வளவுதான், கார்க்காரரின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஏணியை நிமிர்த்தி, "பாத்து சார், மெதுவா" என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பெண்மணி தண்ணீரோடு ஓடி வந்தாள், பின்னாலேயே பிள்ளைகள்.

இவர்களையா அப்படி நினைத்தோம் என்று பிழை திருத்துநருக்குக் கூசியது. ஏதாவது சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் கார்க்காரர் அவர் ஈரக்கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பூட்டிக் கெடக்குற இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வராதான்னு வருஷக்கணக்கா பாத்துட்டிருந்தோம் சார்! எப்ப குடி வந்தீங்க?"