மாப்பிள்ளை தண்ணியில்தான் வண்டி ஓட்டுகிறார்

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சான் கதிர்வேலுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் தங்கமுத்து எழுதிக்கொண்டது. சேலம் அம்மாபேட்டையில் நீயும் தங்கச்சியும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் குலசாமியை வேண்டுகிறேன். இங்கே நானும் ராசம்மாளும் அகல்யாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத வரவில்லை. இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிக்காதே. என் போன் காவிரிக்குள் கிடக்கிறது. உன் அக்கா போனைக் கேட்டால், "உங்க கையில குடுத்தா அதையும் ஆத்துல உட்டுருவீங்க" என்று முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

எல்லாம் நீ கொண்டுவந்த பவானி வரனால் வந்த வினை. வந்த ஜாதகத்தையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக் கழித்த நம் அகல்யா, ஆனந்தகுமாரின் போட்டோவைப் பார்த்ததும் "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் சம்மதம் வராது என்பது உனக்கே தெரியும். பையன் குமாரபாளையம் – பவானி லைனில் பஸ் ஓட்டுகிறான், புது மாதிரி வண்டி என்று நீ சொன்னாய். புது மாதிரி என்றால் ஏசி என்று நினைத்தேன் மச்சான். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரனிடம் மொட்டையாக அப்படிச் சொன்னால் வேறு என்னத்தை நினைப்பான்? வெள்ளிக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதற்குள், பெண்ணைப் பெற்றவன் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று, யாரிடமும் மூச்சு விடாமல் பையனைப் பற்றி விசாரிக்க நேற்று குமாரபாளையம் போனேன். போய் இறங்கியதும் வயிறு கல்லு மாதிரி உப்பிக்கொண்டது. ராசம்மாள் பையில் வைத்துவிட்ட செரிமான மருந்தை, அதான் அரிஷ்டத்தை, எடுத்தேன். ரெண்டு மூடி போதும் என்று சொல்லித்தான் அனுப்பினாள், நான் நாலாக ஊற்றிக்கொண்டேன்.

ஆற்றோரமாக ஒரு பேக்கரி. முதலாளி, கேட்காமலே பேசுகிற மனுஷன். டீயை வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆனந்தகுமாருங்களா? தங்கமான பையனுங்க! காலைல வெள்ளனத் தண்ணியில எறங்குனாருன்னா பொழுது உழுகற வரைக்கும் தண்ணிதானுங்க" என்றார்.

எனக்கு டீ புரையேறிவிட்டது. "பஸ்ஸு ஓட்டறாருன்னு சொன்னாங்களேங்க?"

"தண்ணியிலதானுங்க ஓட்டறாரு! ரோட்டுல எல்லாருந்தான் ஓட்டுவாங்க. தண்ணியில இவரு மாதிரி நெதானமா ஓட்ட இந்தச் சுத்து வட்டாரத்துல ஆளில்லீங்க."

"போலீசு ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களா?"

"அவிங்களும் டூட்டி முடிஞ்சா இவருகூடத்தானுங்க."

"பெத்தவளுக்காவது தெரியுமுங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! மொத நாளு தேங்கா ஒடச்சு, சூடங்காட்டி, நல்லபடியாத் தண்ணியில எறங்கு சாமீன்னு அனுப்பி வெச்சதே அவிங்க அம்மாதானுங்க!"

அட கடவுளே! பெற்ற தாயே சூடம் காட்டி மகனைத் தண்ணி போட அனுப்புகிற குடும்பத்தை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? இதைத்தான் நீ நல்ல இடம் என்று சொன்னாயா? டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அந்த நேரம் பார்த்து பவானி என்று போர்டு போட்ட பஸ் வந்து நிற்கிறது, ஸ்டீரிங்கில் போட்டோவில் பார்த்த அதே முகம்! கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் மடியில் பையோடு ஒரு அம்மாள். "கொய்யாப்பழம் தின்னுங்க, தோட்டத்துதுங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். எனக்கு இருந்த இருப்பில் கொய்யாப்பழமா இறங்கும்? வேண்டாம் தாயி என்று சொல்லிவிட்டு, முன்னால் எட்டிப் பையனின் வாய் நாற்றத்தை மோந்து பார்த்தேன். ஊதுபத்தி வாசம்தான் வந்தது. மறைக்கத்தான் கொளுத்தியிருக்கிறான் என்று இன்னும் கொஞ்சம் எட்டி மோந்தேன். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் அடித்துவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் பாலத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை மச்சான். நேராக ஆற்றைப் பார்த்துப் போகிறது! "ஏனுங், பாலம் அந்தப் பக்கமுங்!" என்று கத்துகிறேன், பையன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். சுற்றிலும் பார்த்தால் ஒருத்தன் பொரி தின்கிறான், ஒருத்தி போனில் சீரியல் பார்க்கிறாள், சாகப்போகிறோமே என்று ஒரு ஜீவனுக்குக் கவலையில்லை. முன் சக்கரம் தண்ணியைத் தொட்டதும் கண்டக்டர் பயாஸ், "எறங்குதுங்கோ, எறங்குது!" என்று குரல் கொடுத்தான். எல்லாரையும் எறங்கச் சொல்கிறான் என்றுதான் என் காதில் விழுந்தது. பஸ்ஸில் அவசர வழி ஜன்னல் எங்கே இருக்கும், எப்படித் திறக்கும் என்று பட்டறைக்காரனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஒரே தட்டு, ஒரே தாவு. தொப்பென்று காவிரியில் விழுந்தேன். போன் ஒரு பக்கம் போனது, வேட்டி ஒரு பக்கம் போனது. இந்நேரம் வேட்டி ஜேடர்பாளையம் தடுப்பணையில் ஒதுங்கியிருக்கும். இடுப்பளவுத் தண்ணிதான், ஆனால் எனக்கு அது அப்போது தெரியாதே! "நாமக்கல் தங்கமுத்து சொல்றேன், எம்பொண்ணு அகல்யாவ இந்தக் குடிகாரனுக்குக் குடுக்கவே மாட்டேன்!" என்று நான் போட்ட கூச்சலில் பஸ் முழுக்கத் தலையை வெளியே நீட்டியது.

பின் சக்கரம் இன்னும் கரைச் சரிவில்தான் இருந்ததாம். பையன் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து வந்தான். "ஒண்ணுமில்லீங்கய்யா, கையக் குடுங்க" என்று என்னைத் தூக்கி நிறுத்தி, தன் தோள் துண்டை எடுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு என் இடுப்பில் கட்டிவிட்டான். குடிகாரன் என்று இத்தனை பேர் முன்னால் சொன்னேனே, அதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயாஸ்தான் என் காதில் வந்து, "பெரியவரே, இது தண்ணியிலயும் போற பஸ்ஸுங்க. பாலத்துல நெரிசல்னு புதுசா உட்டிருக்காங்க" என்றான்.

கரையில் துண்டோடு உட்கார்ந்து பார்த்தேன். பஸ் மிதக்கிறது மச்சான்! டயரோடு, ஹாரனோடு, பின்னால் வாழைக்கன்று படத்தோடு அக்கரைக்கு மிதந்து போகிறது! மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ளே ஒழுகக் கூடாது என்று ஆயுசு முழுக்கத் தகரத்துக்கு ரிவிட் அடித்தவன் நான். இவன் முழு பஸ்ஸையே ஆற்றுக்குள் இறக்குகிறான். பையன் குடிக்க மாட்டான், சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் காலையும் மாலையும் ஆற்றுக்குள் போகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, மேட்டூரில் எவ்வளவு தண்ணி திறந்தார்கள் என்று தினமும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. அகல்யாவிடம் சொன்னேன். "குடிக்க மாட்டாருதானேப்பா? அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பேச்சு இத்தோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று அவர்கள் மனசு நோகாமல் சொல்லிவிடு.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, தரையில் பார்க்கிற உத்தியோகத்துக்குப் போக என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மாமா,
தங்கமுத்து.

பின்குறிப்பு: மச்சான், கவரை ஒட்டும் நேரத்தில் பையனின் அம்மா சென்னியம்மாள் உன் அக்காவுக்குப் போன் போட்டார்கள். "புள்ளையப் புடிச்சுதானுங்க இருந்துச்சு. எம்பையனும் ஆசைப்பட்டான். ஆனா அப்பங்காரரு பட்டப்பகல்லயே போடுவாருன்னு ஒரு வார்த்த சொல்லலீங்களே? நாம் பக்கத்து சீட்டுலதான் உக்காந்திருந்தேன். கப்புன்னு அடிச்சுது. கொய்யாப்பழங் குடுத்தேன், வேண்டாம்னுட்டு, எம்பையன் கழுத்துமேல உழுந்து உழுந்து மோந்தாரு, அப்புறம் ஜன்னலத் தொறந்து ஆத்துல குதிச்சுட்டாரு. குடிகார ஊட்டுச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாமுங்க" என்று வைத்துவிட்டார்கள். அகல்யா இரண்டு வேளையாகச் சோறு எடுக்கவில்லை. கண் வீங்கிக் கிடக்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பையனின் துண்டைத் துவைத்து, மடித்து, தலைமாட்டில் வைத்திருக்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். சேலம் வருகிற நம் லாரியிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன், கையில் கிடைத்ததும் பவானிக்கு ஓடு. பாலத்தில் போனால் நேரமாகும், மாப்பிள்ளை பஸ்ஸிலேயே போ. என் வாயில் அடித்தது அரிஷ்ட வாடை என்று சொல்லு, காலி பாட்டிலையும் கூடவே அனுப்பியிருக்கிறேன், மோந்து பார்க்கட்டும். காலில் விழ வேண்டுமென்றால் என் பேரில் விழு. ஒன்று மட்டும் சொல்லிவிடாதே. எங்கள் மாமா ஜென்மத்தில் தண்ணியைத் தொட்டதே இல்லை என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. நான் தொட்டதை பஸ் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள்.